எந்த வைரஸ் எதிரி?

போலியோவை விரட்டிய பிறகும் இந்திய ஆய்வுக்கூடங்களுக்கு ஓய்வில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வைரஸ்களில் ஆபத்தானது எது, அப்பாவி எது என்பதை மரபணுவின் சில எழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன.

2016 ஜூன் மாதம் ஹைதராபாத்தில் ஒரு விசித்திரமான நிலைமை. அம்பர்பேட் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மே மாதம் எடுக்கப்பட்ட சாக்கடை நீரில் போலியோ வைரஸ் இருப்பது தெரியவந்தது. இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. வந்துவிட்டதா மறுபடியும் என்று நகரமே பதறியது. மத்திய சுகாதார அமைச்சகம் உடனே மறுப்பு தெரிவித்தது. இது பழைய போலியோ அல்ல, நாடு இன்னமும் போலியோ இல்லாத நாடுதான் என்றது. அதே கையோடு, ஹைதராபாத்திலும் ரங்கா ரெட்டி மாவட்டத்திலும் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகத் தடுப்பூசி போடும் ஏற்பாடும் நடந்தது.

ஒன்றுமில்லை என்றால் ஊசி எதற்கு? ஊசி தேவை என்றால் ஒன்றுமில்லை என்பது எப்படி? பெற்றோர்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அமைச்சகம் சொன்ன இரண்டுமே உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் ஆதாரம், ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமான வைரஸ்களைப் பிரித்துக் காட்டும் பி.சி.ஆர். சோதனையும் அதைத் தொடர்ந்து செய்யப்படும் மரபணு வாசிப்பும்தான். 2020இல் கொரோனா வந்தபோது 'ஆர்.டி.-பி.சி.ஆர்.' என்ற வார்த்தை டீக்கடை வரை வந்து சேர்ந்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே இந்தியாவின் போலியோ ஆய்வுக்கூடங்களில் அது அன்றாட வேலை. ஒரே ஒரு வித்தியாசம். கொரோனாவில் கேட்கப்பட்ட கேள்வி, வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது. போலியோவில் அந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை. இருப்பது எந்த வைரஸ் என்பதுதான் கேள்வி.

காரணம், போலியோ ஒழிப்பின் ஆயுதமே ஒரு போலியோ வைரஸ். ஆல்பர்ட் சேபின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950களில் மூன்று வகை போலியோ வைரஸ்களையும் வீரியம் குறைத்து, வாயில் விடும் சொட்டு மருந்தாக உருவாக்கினார். வாயில் விடும் இரண்டு சொட்டுகளில் இருப்பது உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடலில் பெருகி, எதிர்ப்புச் சக்தியைத் தந்துவிட்டு, பல வாரங்கள் வரை மலத்தில் வெளியேறும். தேசிய முகாம் நாட்களில் 17 கோடிக் குழந்தைகள் வரை சொட்டு மருந்து குடித்த நாடு இது. அத்தகைய நாட்டின் சாக்கடையில் போலியோ வைரஸ் இல்லாவிட்டால்தான் அதிசயம்.

ஆக, ஒரு மாதிரியில் மூன்று விதமான வைரஸ்கள் இருக்கலாம். முதலாவது, இயற்கையில் தொன்றுதொட்டுத் திரியும் வைரஸ். விஞ்ஞானிகள் இதைக் 'காட்டு வைரஸ்' என்கிறார்கள். கை கால்களை முடக்கும் அசல் எதிரி இதுதான். இரண்டாவது, சொட்டு மருந்திலிருந்து வந்த சேபின் வைரஸ், சாது. மூன்றாவதுதான் சிக்கல். தடுப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராத பகுதிகளில் சேபின் வைரஸ் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கென்று மாதக்கணக்கில் தொற்றிப் பரவும்போது, அதன் மரபணுவில் மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஒரு கட்டத்தில் அது தன் சாது குணத்தை இழந்து, காட்டு வைரஸைப் போலவே முடக்கத் தொடங்குகிறது. மருந்தில் பிறந்து, பிறழ்ந்துபோன வைரஸ்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரியான உருண்டைகள். வேறுபாடு முழுக்க அவற்றுக்குள் சுருண்டு கிடக்கும் சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையில்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் நடக்கும் வேலையே பெரிது. காட்டு வைரஸ் தொற்றும் சுமார் 200 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் முடக்கம் வருகிறது. மற்றவர்கள் வெளிக்குத் தெரியாமல் நோயைப் பரப்புகிறார்கள். எனவே முடங்கிய அந்த ஒரு குழந்தையைத் தவறவிட்டால் 200 பேரைத் தவறவிட்டதற்குச் சமம். இதற்காக, 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை அல்லது கால் துவண்டுபோனால், காரணம் எதுவாகத் தெரிந்தாலும் சரி, தகவல் தர வேண்டும் என்ற கண்காணிப்பு வலை பின்னப்பட்டது. மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1997இல் தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம் இதை நடத்தியது. முடக்கம் கண்ட 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். அவை ஐஸ் பெட்டியில் சூடேறாமல் பயணிக்க வேண்டும். பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் படகில் ஏறியும் பஸ்ஸில் இடம் பிடித்தும் வந்து சேர்ந்த பெட்டிகள் எத்தனையோ.

இந்த மாதிரிகளைச் சோதிக்க நாட்டில் எட்டு ஆய்வுக்கூடங்கள் கொண்ட ஒரு வலைப்பின்னல் உருவானது. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. மையப்புள்ளி மும்பை. பரேலில், ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் இருந்த என்டரோவைரஸ் ஆராய்ச்சி மையம்தான், எட்டில் உச்சநீதிமன்றம் மாதிரி. வைரஸின் எழுத்துகளை வாசித்து இறுதித் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு அதற்கு இருந்தது.

முதல் கட்ட வேலை செல் வளர்ப்பு. மாதிரி இரண்டு வகை செல்களில் விடப்படுகிறது. ஒன்று மனிதத் தசைப் புற்றிலிருந்து வந்த செல். அதில் பலவகை குடல் வைரஸ்கள் வளரும். இன்னொன்று சாமர்த்தியமான ஏற்பாடு. போலியோ வைரஸ் உடலுக்குள் நுழையப் பயன்படுத்தும் மனித 'கதவு' பொருத்தப்பட்ட எலி செல் அது. சாதாரண எலி செல்லுக்குள் போலியோ நுழையாது. கதவை வைத்தால் நுழையும். மற்ற குடல் வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சாவி கிடையாது. எனவே எலி செல் அழிந்தால் போலியோ என்று சந்தேகிக்கலாம். ஆனால் எந்தப் போலியோ?

ஆரம்பத்தில் இதற்கு எதிர்ப்பொருள்கள் பயன்பட்டன. வகை 1, வகை 2, வகை 3 என்று பிரிக்க அவை போதும். ஒரே வகைக்குள் காட்டு வைரஸ் எது, சேபின் வைரஸ் எது என்று சொல்லும்போதுதான் தடுமாற்றம். அண்ணன் தம்பிகளைக் குரலை வைத்து அடையாளம் சொல்வது மாதிரி, சில நேரம் தவறலாம். பி.சி.ஆர். வந்து முகத்தையே காட்டியது.

காரி மல்லிஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1983இல் கண்டுபிடித்து, 1993இல் நோபல் பரிசு பெற்ற முறை இது. ஒரு டி.என்.ஏ. துண்டைச் சூடாக்கினால் அதன் இரு இழைகளும் பிரியும். ஆற வைத்தால், முன்கூட்டியே தயாரித்துப் போட்ட இரண்டு சிறு துணுக்குகள் தமக்குப் பொருத்தமான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு 'பிரைமர்' என்று பெயர். ஒட்டிய இடத்திலிருந்து ஒரு நொதி புதிய இழையை நெய்து முடிக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி சூடு, மறுபடி நெசவு. இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடியாகப் பெருகியிருக்கும். போலியோவிடம் இருப்பது ஆர்.என்.ஏ. என்பதால், முதலில் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுத வேண்டும். அந்தக் கூடுதல் படிக்குத்தான் 'ஆர்.டி.' என்ற முன்னொட்டு.

பிரித்தறியும் சூட்சுமம் முழுவதும் பிரைமரில்தான் இருக்கிறது. பிரைமர் எங்கே ஒட்ட வேண்டும் என்பதை விஞ்ஞானி முடிவு செய்கிறார். எல்லாக் குடல் வைரஸ்களுக்கும் பொதுவான பகுதியைப் பார்த்துத் தயாரித்தால் அந்தக் குடும்பம் முழுவதும் அகப்படும். போலியோவுக்கு மட்டுமே உரிய பகுதி என்றால் போலியோ மட்டும். வகை 1க்கு மட்டும் உரியது என்றால் அது மட்டும். கடைசியாக, சேபின் மருந்து வைரஸுக்கு மட்டுமே உரிய எழுத்து வரிசையைக் குறிவைத்த பிரைமர்கள். ஒரே மாதிரியை இத்தனை சல்லடைகளிலும் சலிக்கிறார்கள். வகை 1 சல்லடையில் சிக்கி, சேபின் 1 சல்லடையிலும் சிக்கினால் அது மருந்து வைரஸ். வகை 1இல் சிக்கி, சேபினில் சிக்காவிட்டால் அபாய மணி. காட்டு வைரஸ் என்ற சந்தேகத்துடன் அது எழுத்து வாசிப்புக்குப் போகிறது.

சொல்வதற்கு எளிது. பிரைமர்களைத் தயாரிப்பது எளிதல்ல. காட்டு வைரஸின் எழுத்துகள் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறும் எழுத்துள்ள இடத்தில் பிரைமர் ஒட்டாமல் போனால், இருக்கும் வைரஸை இல்லை என்று சொல்லிவிடும். இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, எந்த எழுத்துடனும் ஏறக்குறைய ஒத்துப்போகும் இனோசின் என்ற பொருளைச் சந்தேகமான இடங்களில் செருகுவது. ரம்மி ஆட்டத்தில் ஜோக்கர் செய்யும் வேலையை இது செய்கிறது.

வேகமும் கூடியது. 2000களின் நடுப்பகுதியில், செல் வளர்ப்பையும் வகை பிரிப்பையும் மறுசீரமைத்த புதிய நடைமுறை வந்ததும், மாதிரி வந்து முடிவு சொல்ல 42 நாட்கள் ஆன இடத்தில் 21 நாட்கள் போதும் என்றானது. பின்னர் வந்த ரியல் டைம் பி.சி.ஆர். கருவிகளில் வைரஸ் துண்டு பெருகப் பெருக ஒளிரும். ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் வேலைகூட மிச்சம். பரவும் நோயைத் துரத்துகிறவர்களுக்கு மிச்சமான அந்த மூன்று வாரங்கள் ஒரு மாவட்டத்தையே காப்பாற்றப் போதுமானவை.

எந்த வகை என்று தெரிவதன் அருமையை உ.பி.யும் பீகாரும் கற்றுக்கொடுத்தன. மூன்று வகைகளும் கலந்த மருந்தில் வகை 2 மற்ற இரண்டையும் அமுக்கிவிடுவதால், 2005 முதல் வகை 1க்கென்று தனி மருந்து தரப்பட்டது. 2006இல் நாட்டில் பதிவான 676 போலியோ நோயாளிகளில் 648 பேருக்கு வகை 1, 28 பேருக்கு மட்டுமே வகை 3. வகை 1 மீது தாக்குதல் தீவிரமானது. அடுத்த வருடம் நிலைமை தலைகீழ். 2007இல் 874 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் வகை 1 வெறும் 83, வகை 3 மட்டும் 791. ஒரு தலையை வெட்டும் நேரத்தில் இன்னொரு தலை முளைத்தது. ஆய்வுக்கூடம் வகை பிரித்துச் சொல்லியிருக்காவிட்டால், அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது மட்டுமே. திட்டமே தோற்றுவிட்டது என்று கை கழுவியிருக்கக்கூடும். வகை தெரிந்ததால், ஒன்றையும் மூன்றையும் ஒரே சொட்டில் அடிக்கும் இரட்டை மருந்து 2010 ஜனவரியில் வந்தது. 2009இல் 741 ஆக இருந்த நோயாளிகள் 2010இல் 42 ஆகக் குறைந்தார்கள். 2011இல் ஒரே ஒருவர். மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஜனவரி 13 அன்று முடக்கம் கண்ட ஒரு பெண் குழந்தை. இந்தியாவின் கடைசிக் காட்டு வைரஸ் நோயாளி அவள்தான்.

வைரஸின் எழுத்துகள் பாஸ்போர்ட் போலவும் பயன்படுகின்றன. வைரஸின் மேலுறையை உருவாக்கும் வி.பி.1 என்ற பகுதியில் சுமார் 900 எழுத்துகள். வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற கணக்கில் அவை மாறுகின்றன. எனவே இரண்டு வைரஸ்களின் எழுத்துகளை ஒப்பிட்டால், எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று மதிப்பிட முடியும். 2010இல் தஜிகிஸ்தானில் திடீரென்று நூற்றுக்கணக்கானவர்களை முடக்கிய வைரஸ் இந்தியாவிலிருந்து போனது என்று அந்த எழுத்துகள்தான் காட்டிக்கொடுத்தன.

இதைவிடத் திகிலான துப்பறிதல் ஒன்றும் நடந்தது. வகை 2 காட்டு வைரஸ் உலகிலேயே கடைசியாகக் காணப்பட்டது 1999 அக்டோபரில், உ.பி.யின் அலிகாரில். அதன் பிறகு அது ஒழிந்தது என்று நம்பியிருந்த நேரத்தில், 2002 இறுதியிலும் 2003 தொடக்கத்திலும் முடக்கம் கண்ட சில இந்தியக் குழந்தைகளின் மாதிரிகளில் வகை 2 தென்பட்டது. அது சேபின் சல்லடையில் சிக்கவில்லை. அப்படியானால் அலிகார் வைரஸ் ஒளிந்திருந்து மறுபடி வந்துவிட்டதா? மும்பை மையம் எழுத்துகளை வாசித்துப் பார்த்தபோது கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. அது 1940களில் எகிப்தில் பிரித்தெடுக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் ஊசி மருந்துத் தயாரிப்பிலும் பயன்படும் 'எம்.ஈ.எஃப்-1' என்ற வைரஸ். இயற்கையில் அறுபது வருடம் சுற்றியிருந்தால் அதன் எழுத்துகள் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். மாறவில்லை. அதாவது, இத்தனை காலம் உறைபெட்டிக்குள் இருந்த வைரஸ் வெளியே வந்திருக்கிறது. எதிரி காட்டிலிருந்து வரவில்லை. மனிதர்களே பத்திரப்படுத்தி வைத்திருந்தது நழுவிவிட்டது.

ஹைதராபாத் புதிருக்கான விடையும் எழுத்துக் கணக்கில்தான் இருக்கிறது. சேபினிலிருந்து பிறழ்ந்த வைரஸைப் பிடிப்பதுதான் பி.சி.ஆருக்கு உள்ள பெரிய சவால். அது சேபின் சல்லடையில் சிக்கும், ஏனென்றால் அது சேபினின் பிள்ளைதான். இதற்காக, பிறழும் வைரஸ்களில் வழக்கமாக முதலில் மாறும் இடங்களைக் குறிவைத்து இன்னொரு பி.சி.ஆர். செய்யப்படுகிறது. அங்கே சேபினின் அசல் எழுத்துகள் இல்லை என்றால் வி.பி.1 முழுவதும் வாசிக்கப்படும். வகை 1, வகை 3 என்றால் 10 எழுத்துகள், வகை 2 என்றால் 6 எழுத்துகள் மாறியிருந்தாலே பிறழ்ந்த வைரஸ் என்பது சர்வதேச வரையறை. வகை 2க்கு வரையறை கடுமையானது, ஏனெனில் அது அதிக முறை பிறழ்ந்து பழக்கப்பட்டது. உ.பி.யிலேயே 2009-10இல் அப்படியொரு பரவல் நடந்து குழந்தைகள் முடங்கினார்கள்.

இந்த ஆபத்தைக் கருதித்தான் 2016 ஏப்ரலில் உலகெங்கும் 155 நாடுகளும் பிரதேசங்களும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்திலிருந்து வகை 2ஐ நீக்கின. இந்தியாவில் அது ஏப்ரல் 25 அன்று நடந்தது. ஹைதராபாத் மாதிரி எடுக்கப்பட்டது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அதில் இருந்தது பிறழ்ந்த வகை 2. காட்டு வைரஸ் அல்ல, எனவே நாட்டின் சான்றிதழுக்கு ஆபத்தில்லை. ஆனால் இனி பிறக்கும் குழந்தைகளுக்கு வகை 2 எதிர்ப்புச் சக்தி சொட்டு மருந்திலிருந்து கிடைக்காது. பிறழ்ந்தது பரவினால் தடுக்க ஆளில்லை. அதனால்தான் ஊசி. முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் சிக்கன முறையில் அந்த முகாம் நடந்தது. யாருக்கும் முடக்கம் ஏற்படவில்லை.

ஆனால் இத்தனை நுட்பமான பிரித்தறிதலுக்கு வேறொரு முகமும் உண்டு. சேபின் வைரஸ் சாதுதான் என்றாலும், மிக அரிதாக மருந்து குடித்த குழந்தையையோ அதனுடன் பழகியவரையோ அது முடக்கிவிடுகிறது. முதல் தவணை பெறும் சுமார் 27 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது நேரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 27 லட்சத்தில் ஒன்று என்பது சிறிய எண். ஆனால் கோடிக்கணக்கில் மருந்து கொடுக்கும் தேசத்தில் அது சிறிய எண் அல்ல. 1999இல் மட்டும் இந்தியாவில் இப்படி 181 பேர் முடங்கியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்தக் குழந்தைகளின் மாதிரிகளும் அதே ஐஸ் பெட்டியில் அதே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போயின. பி.சி.ஆர். தன் வேலையைச் சரியாகவே செய்தது. சேபின் என்று சொன்னது. அந்த ஒரு சொல் வந்ததும் அதிகாரிகள் நிம்மதியடைந்தார்கள். கண்காணிப்புத் திட்டத்தின் விதிப்படி, காட்டு வைரஸ் இல்லையென்றால் அது 'போலியோ அல்ல' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். 2011க்குப் பிறகு நாட்டின் போலியோ எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லும்போது அந்தப் பூஜ்யத்துக்குள் இந்தக் குழந்தைகள் இல்லை. கால் சூம்பிய குழந்தைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலையும் தாய்க்கும், அது காட்டு வைரஸா சேபின் வைரஸா என்பதில் எந்த வித்தியாசமும் கிடையாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பிரபல வைரஸ் நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வந்தவர். மருந்தால் வரும் முடக்கமும் போலியோவே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், செத்த வைரஸ் கொண்ட ஊசி மருந்தை இந்தியா கொண்டுவர வேண்டும் என்பது அவரது வாதம். சொட்டு மருந்து மலிவு, தொண்டர்களே கொடுக்கலாம், குடலில் தொற்றைத் தடுத்துப் பரவலை முறிக்கும் என்பது அரசு தரப்பு நியாயம். அந்த நியாயமும் பொய்யல்ல. உ.பி., பீகாரின் நெரிசல் குடியிருப்புகளில் காட்டு வைரஸின் சங்கிலியை அறுத்தது சொட்டு மருந்துதான். கடைசியில் 2015 நவம்பர் 30 அன்று ஊசி மருந்து இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையில் இடம் பெற்றது. முதலில் ஊசி போட்டுவிட்டு, அல்லது இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், சேபின் வைரஸால் வரும் முடக்கம் பெருமளவு குறைகிறது. அதற்கு முன் முடங்கியவர்களுக்கு அது பயன்படப்போவதில்லை.

காட்டு வைரஸ் போன பிறகு ஆய்வுக்கூடங்களின் கவனம் சாக்கடைக்குத் திரும்பியது. மும்பையில் 2001இல் தொடங்கிய கழிவுநீர்ச் சோதனை, பின்னர் டெல்லி, பாட்னா, கொல்கத்தா என்று விரிந்தது. முடக்கம் வரும் வரை காத்திருக்காமல், நோயாளியே இல்லாத நகரத்தில் வைரஸைப் பிடிக்கும் வழி இது. இந்தியச் சாக்கடையில் கடைசியாகக் காட்டு வைரஸ் தென்பட்டது 2010 நவம்பரில், மும்பையில். கண்காணிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 2018 செப்டம்பர் ஓர் உதாரணம். இரண்டரை வருடங்களுக்கு முன்பே கைவிடப்பட்ட வகை 2 சேபின் வைரஸ் உ.பி. மாதிரிகளில் தலைகாட்டியது. துப்பு பிடித்துப் போனபோது, காஜியாபாத்தில் ஒரு நிறுவனம் தயாரித்த சொட்டு மருந்தில் வகை 2 கலந்திருந்தது தெரியவந்தது. அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குப்பியின் லேபிளில் இல்லாத வைரஸைப் பி.சி.ஆர். காட்டிக்கொடுத்தது.

உலகம் முழுவதுமே இப்போது இந்த வகைப் பிரிப்பை நம்பித்தான் இருக்கிறது. வகை 2 காட்டு வைரஸ் 2015இலும், வகை 3 காட்டு வைரஸ் 2019இலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டன. மிஞ்சியிருப்பது வகை 1 மட்டுமே. 2024இல் அது பாகிஸ்தானில் 74 பேரையும் ஆப்கானிஸ்தானில் 25 பேரையும் முடக்கியது. ஆனால் பிறழ்ந்த வைரஸ்களுக்கு எல்லையில்லை. 2022இல் லண்டன் சாக்கடையிலும் நியூயார்க் மாநிலத்தின் சாக்கடையிலும் பிறழ்ந்த வகை 2 தென்பட்டது. நியூயார்க்கில் ஓர் இளைஞர் முடங்கினார். இரண்டு நகரங்களின் வைரஸ்களும் ஜெருசலேமில் கிடைத்ததும் ஒன்றுக்கொன்று உறவு என்று எழுத்துகள் சொல்லின. 2024இல் போரால் நொறுங்கிய காஸாவில் ஒரு கைக்குழந்தை பிறழ்ந்த வகை 2ஆல் முடங்கியது. அதே வருடம் மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு முடக்கம் வந்தது. ஹைதராபாத்தில் கேட்ட அதே கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. விடை, காட்டு வைரஸ் அல்ல, மருந்திலிருந்து வந்தது என்பதுதான்.

எளிதில் பிறழாதபடி மரபணுவைத் திருத்தி அமைத்த புதிய வகை 2 சொட்டு மருந்து 2021 முதல் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் வருகையால் ஆய்வுக்கூடங்களுக்கு இன்னொரு வேலை கூடிவிட்டது. பழைய சேபின் 2 எது, புதிய மருந்து எது என்று பிரிக்கத் தனிப் பிரைமர்கள் தேவைப்பட்டன. குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர், சல்லடையில் இன்னொரு வலை.

இந்தியக் குழந்தைகள் இன்னமும் வகை 1ம் வகை 3ம் கொண்ட சொட்டு மருந்தைக் குடிக்கிறார்கள். எனவே சாக்கடையில் சேபின் 1 அல்லது சேபின் 3 என்று முடிவு வந்தால் ஆய்வுக்கூடம் அதைப் பதிவு செய்துவிட்டு அடுத்த மாதிரிக்குப் போகிறது. காட்டு வைரஸ் பூமியிலிருந்தே மறைந்துவிட்டது என்று உறுதியானால், ஒருநாள் இந்தச் சொட்டுகளும் அடியோடு நிறுத்தப்படும். அன்றைக்குப் பிறகு சேபின் என்ற முடிவுக்கு யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. வகை 2 விஷயத்தில் 2016லிருந்தே அப்படித்தான். இத்தனை காலம் அப்பாவி என்று விடப்பட்ட வைரஸ், அந்த நாள் முதல் தேடப்படும் குற்றவாளி.